கண்ணாடி மாப்பிள்ளை

மலைப்பாதையில் ஒன்பதாவது வளைவு தாண்டியாயிற்று என்று மச்சான் போனில் சொன்னார். இன்னும் எத்தனை வளைவு மாப்ள என்று கேட்டார். எனக்குத் தெரியும், சொல்லவில்லை. சிக்னல் விட்டுவிட்டு வருவதுபோல ஹலோ, ஹலோ என்று கத்திவிட்டுத் துண்டித்தேன். இந்தக் கீழறையில் சிக்னல் பிரமாதமாக இருக்கும், அதற்கான கம்பியை இழுத்துவிட்டதே நான்தான். தலைக்கு மேலே தொலைநோக்கி. அதைத் தாங்குகிற கான்கிரீட் தூணைச் சுற்றி வட்டமாக இந்த அறை. மத்தியான வேளையிலும் குளிர்கிறது, எண்ணெய் வாடை அடிக்கிறது. டார்ச்சை அடித்துக் காலையில் பார்த்த அதே போல்ட்டுகளை மறுபடி பார்க்கிறேன். யாராவது எட்டிப் பார்த்தால் சார் கடைசிச் சோதனையில் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளட்டும். சோதனையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, ஒளிந்துகொண்டிருக்கிறேன். ஐம்பது வயது தாண்டிய ஆள், மச்சான் வருகிறார் என்று தூணுக்குப் பின்னால் நிற்கிறேன். வேன் நிறைய என் மனைவி மாரீஸ்வரியின் சொந்தக்காரர்கள் சிவகாசியிலிருந்து வருகிறார்கள். முன் சீட்டில் அவளுடைய அண்ணன் தனுஷ்கோடி, அச்சாபீஸ் வைத்திருப்பவர். அவர்களை அழைத்துவர அடிவாரத்துக்குப் போன மாரீஸ்வரியும் இப்போது அந்த வேனில்தான் இருக்கிறாள். எதற்கு வருகிறார்கள்? நான் செய்த கண்ணாடியைப் பார்க்க. இந்தத் தொலைநோக்கியின் நாலு மீட்டர் கண்ணாடியை நான்தான் செய்தேன் என்று அத்தனை பேரும் நம்புகிறார்கள். அதன் முன்னால் என்னை நிறுத்திப் படம் எடுத்து, வருகிற வருஷத்துக் காலண்டரில் போடப் போகிறார் மச்சான். கண்ணாடியை நான் செய்யவில்லை. அதை இழைத்த அறைக்குள் நான் போனதுகூடக் கிடையாது.

நான் செய்தது இது. தூணைச் சுற்றித் தட்டையான பெரிய வளையத்தில் சுருண்டு படுத்திருக்கிறதே, இது. வரைபடத்தில் இதற்குக் கேபிள் ராப் என்று பெயர், பேச்சில் எல்லோரும் குடல் என்பார்கள். என்னைக் குடல் சார் என்பார்கள், இளவட்டங்கள் குடலண்ணன். நட்சத்திரம் நகர நகரத் தொலைநோக்கியும் கூடவே திரும்பவேண்டும். அதற்குக் கரண்டு போகவேண்டும், எண்ணெய் போகவேண்டும், கேமராவைக் குளிர்விக்கிற திரவம் போகவேண்டும், எடுத்த படம் முடியைவிட மெல்லிய இழைகளில் இறங்கி வரவேண்டும். எல்லாம் அசையாத இந்தத் தரைக்கும் அசைகிற அந்த இரும்புக்கும் இடையில். சும்மா கட்டித் தொங்கவிட்டால் நாலு சுற்றுக்குள் முறுக்கிக்கொண்டு பிய்ந்துபோகும். அதனால் எல்லாவற்றையும் ஒரு சங்கிலிக்குள் அடுக்கி, சங்கிலியை வளையத்துக்குள் மடித்து, ஒரு பக்கம் சுருளும்போது மறுபக்கம் அவிழ்கிற மாதிரி செய்திருக்கிறேன். வலது பக்கம் முக்கால் சுற்று, இடது பக்கம் முக்கால் சுற்று. அதற்குமேல் போகாது, வந்த வழியே திரும்பியாகவேண்டும். குடலுக்கென்று தனியாக ஒரு மோட்டார் வைத்தேன், அது என் சொந்த யோசனை. தொலைநோக்கி இழுத்துக் குடல் வரக்கூடாது, அது திரும்பும்போதே குடலும் தானாகக் கூடத் திரும்பிவிடவேண்டும், இத்தனை கனம் தன்மேல் தொங்குகிறது என்றே அதற்குத் தெரியக்கூடாது. ஒரு கேபிள் ஓரிடத்தில் லேசாக மாட்டி இழுத்தால் போதும், மேலே நட்சத்திரம் புள்ளியாக விழாமல் கோடாக விழும். அப்படி விழுந்தால் எல்லோரும் இந்த அறைக்கு ஓடிவருவார்கள். விழாத வரைக்கும் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. குளிரில் கேபிள் உறை விறைத்துவிடுகிறதா என்று ஐஸ் பெட்டிக்குள் போட்டு எடுத்து மடக்கி மடக்கிப் பார்த்தே சில வருஷங்கள் போயிருக்கின்றன. இதற்காக வெட்கப்படுகிறேனா? இல்லை, இந்த அறைக்குள் இல்லை. இங்கே நிற்கும்போது நான் கெட்டிக்காரன் என்றுகூடத் தோன்றும். படியேறி வெளியே போய், எதிரே ஒரு மனிதன் வந்து சார் என்ன பண்றீங்க என்று கேட்டால் நாக்கு உள்ளே போய்விடுகிறது.

முதலில் உண்மையைத்தான் சொன்னேன், அதை நான் மறந்துவிடக்கூடாது. மாமனார் வீட்டுக் கூடத்தில், கலிபோர்னியாவிலிருந்து சகலை வந்திருந்தபோது. மாரீஸ்வரியின் தங்கை வீட்டுக்காரர், என்னைவிடச் சின்னவர், நல்ல மனுஷன். அதுதான் கஷ்டம், கெட்டவன் கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது கேட்டிருப்பேன். தொலைநோக்கியில் என்ன பார்க்கிறீர்கள் அண்ணே என்றார். நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். மோட்டார் யோசனையைக்கூடச் சொன்னேன், தட்டிலிருந்த முறுக்கை எடுத்துக் கையால் சுற்றிக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "ஓ, ஒயரிங் மாதிரியா?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே புரிந்துகொள்ளத்தான் கேட்டார். யாரோ லேசாகச் சிரித்தார்கள், மாமனாராகத்தான் இருக்கவேண்டும். நானும் சிரித்தேன், பல்லைக் காட்டிக்கொண்டு, கையில் முறுக்கோடு. மாரீஸ்வரி எழுந்து தண்ணீர் எடுத்துவரப் போனாள். யாரும் தண்ணீர் கேட்கவில்லை. அவள் போன வேகத்தையும் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிய விதத்தையும் இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. திரும்பி வரும்போது சொம்பு நிறையத் தண்ணீர், அதை யார் முன்னால் வைப்பது என்று தெரியாமல் என் முன்னால் வைத்தாள். குடித்தேன். அடுத்த கல்யாணத்தில், பந்தியில், பக்கத்து இலையில் மச்சான். "மாப்ள, டெலஸ்கோப்புல கண்ணாடிதான மெயினு? அத நீங்கதான பாக்கீக?" என் வாயில் பாயசம். தலையாட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது, ஒரே ஒரு தலையாட்டல். விழுங்கிவிட்டு விவரமாகச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். விழுங்கினேன். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த மாரீஸ்வரி இலையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த மாதிரி பார்த்தாள். பாயசம் விட்டுக்கொண்டு வந்தவர் இன்னொரு கரண்டி என்றார். வேண்டும் என்றேன்.

பொய்யை நான் வளர்க்கவில்லை, அதுவே வளர்ந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் பள்ளிக்கூட ஆண்டு விழா மேடையில் மைக்கைப் பிடித்தது யார்? மச்சான்தான் ஏற்பாடு செய்தார், அவர் படித்த பள்ளி. போகிற இடமெல்லாம் கண்ணாடி மாப்பிள்ளை, கண்ணாடி மாப்பிள்ளை என்று சொல்லிச் சொல்லி அதுவே பெயராகியிருந்தது. அன்றைக்காவது பொதுவாக ஏதாவது பேசிவிட்டு இறங்கியிருக்கலாம். வானம் பெரியது, நன்றாகப் படியுங்கள், நன்றி வணக்கம். நான் கண்ணாடியைப் பற்றிப் பேசினேன். தினமும் கொஞ்ச நேரம்தான் இழைப்போம், இழைத்த சூட்டில் கண்ணாடி துளி வீங்கிவிடும், அந்தச் சூடு ஆறுவதற்காக மீதி நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம், ஆறின பிறகு அளப்போம், அளந்தால் நேற்றைவிட மோசமாக இருக்கும், மறுநாள் மறுபடி என்று சொன்னேன். பிள்ளைகள் ஆவென்று கேட்டார்கள். இது ஒன்றும் என்னுடையது இல்லை. கண்ணாடியை நிஜமாகவே இழைத்த வசுந்தரா மேடம் ஒரு நாள் கேன்டீனில் டீ ஆறிக்கொண்டிருக்கும்போது என்னிடம் சொன்னது, அவருடைய வார்த்தைகள். வேலையைத் திருடினதுகூடப் பெரிதில்லை, அந்தக் காத்திருப்பைத் திருடிவிட்டேன். வெறுமனே உட்கார்ந்திருந்த அந்த மத்தியானங்களை. மேடையில் அதைச் சொல்லிவிட்டு, நிஜமாகவே உட்கார்ந்திருந்தவன் மாதிரி ஒரு பெருமூச்சும் விட்டேன், அதுதான் இன்னும் கேவலம். முன்வரிசையில் மாரீஸ்வரி புதுச் சேலையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த அம்மாளிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். எங்க வீட்டுக்காரர் இப்படித்தான், சாப்பாடு தூக்கம் இல்லாமல், என்று சொல்லியிருப்பாள். கலிபோர்னியாக்காரரின் பெயர் இப்போதெல்லாம் அந்த வீட்டில் இரண்டாவதாகத்தான் வருகிறது. போன தீபாவளிக்கு மாமனார் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். இதையெல்லாம் எப்படித் திருப்பிக் கொடுப்பது? எனக்கு அசிங்கமாக இருக்கிறது, சொன்னால் பாரம் இறங்கிவிடும், ஆனால் அவளையும் சேர்த்து அல்லவா இறக்கிவிடவேண்டும், அவள் அண்ணன் முன்னால், அண்ணி முன்னால். மறுபடியும் தண்ணீர் எடுத்துவர எழுந்து போவாள்.

வசுந்தரா மேடத்திடம் மட்டுமாவது முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டும். இன்றைக்குக் காலையில் போனேன். அவருடைய அறை வாசலில் நின்றேன். அவர் குனிந்து எதையோ படித்துக்கொண்டிருந்தார், நிமிராமலே, "வாங்க, குடல் எப்படி இருக்கு?" என்றார். நன்றாக இருக்கிறது மேடம் என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் எண்ணெயின் வெப்பநிலை எவ்வளவு என்றேன். அது எனக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் நிமிர்ந்து பார்த்தார், நான் வந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போனேன், மறுபடி அதே எண்ணெய். என்ன சொல்ல முடியும்? மேடம், இன்று ஒரு நாளைக்கு மட்டும் உங்கள் கண்ணாடியைக் கொடுங்கள், சாயந்திரம் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றா? இழைக்கிற பொடிக்குழம்பில் ஊறி ஊறி அவர் விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வேன் என்று ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னார். அவ்வளவு பெரிய கண்ணாடி அவ்வளவு மெலிசு. எழுந்து நின்றால் ஒரு மாதிரி தொய்யும், படுத்தால் வேறு மாதிரி தொய்யும், தன் கனத்திலேயே வளையும். அதன் முதுகுக்குப் பின்னால் நூற்றுக்கும் மேற்பட்ட தாங்கிகள் வைத்து, தொலைநோக்கி சாயச்சாய ஒவ்வொன்றும் எவ்வளவு அழுத்தவேண்டும் என்று கணக்குப் போட்டு, வளையவிடாமல் பிடித்திருக்கிறார். இப்படி ஒருத்தரிடம் போய்! இன்றைக்கு அவர் தொலைநோக்கி நிற்கிற மேல் மாடத்துப் பக்கம் வராமல் இருக்கக் கடவுளே ஏதாவது செய். தலைவலி வேண்டாம், பாவம், ஏதாவது மீட்டிங்.

வாக்கிடாக்கி கரகரத்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து சகாயராஜ். "குடலண்ணே, உங்க ஊர்க்காரங்க வந்துட்டாங்க. மாடத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லட்டுமா?" சகாயம், ஒரு சின்ன உதவி, அவர்கள் இருக்கும்போது அந்தப் பெயர் வேண்டாமே என்றேன். "எந்தப் பேரு?" என்றான். சரி விடு என்றேன். படியேறினேன். கை எண்ணெய்ப் பிசுக்கு, கால்சட்டையில் துடைத்தேன், பிறகு ஐயோ காலண்டர் படம் என்று நினைவு வந்தது, அதை நினைத்ததற்காக என்னையே காறித் துப்பலாம் போல இருந்தது. வாசலில் மச்சான் கையை விரித்துக்கொண்டு வந்தார். "என்ன மாப்ள, எளச்சுட்டீகளே." அண்ணி, சொந்தக்காரப் பெரியவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், எல்லோர் முகத்திலும் மலையேறி வந்த வேன் மயக்கம், அதற்கு மேலே ஒரு பூரிப்பு. கோயிலுக்கு வந்த மாதிரி செருப்பை எங்கே விடவேண்டும் என்று கேட்டார்கள். மாரீஸ்வரி கூட்டத்தின் பின்னால் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். மச்சான் பையிலிருந்து பொன்னாடையை உருவி அங்கேயே போர்த்திவிட்டார். அதன் ஜரிகை கழுத்தில் குத்தியது. மாடத்துக்கு ஏறும் முன் சட்டைப்பையில் இருப்பதை எல்லாம் தட்டில் போடவேண்டும், மேலே கொண்டுபோகிற எதுவும் கயிற்றால் மணிக்கட்டில் கட்டியிருக்கவேண்டும், மூக்குக்கண்ணாடிக்குக்கூடக் கயிறு உண்டு. ஒரு பேனா கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று நானே அவர்களுக்கு விளக்கினேன். விளக்கும்போது குரல் தானாகக் கண்ணாடிக்காரர் குரலாக மாறியது. நான் மாற்றவில்லை என்று சத்தியம் செய்ய முடியாது.

மாடத்தில் வசுந்தரா மேடம் நின்றிருந்தார். தலையில் வலைத்தொப்பி, கசங்கின பருத்திச் சேலைமேல் வெள்ளைக் கோட்டு. கண்ணாடியின் மூடியைத் திறக்கும்போதெல்லாம் அவர் கூட இருப்பார், இது எனக்குத் தெரியும், இருந்தும் கடவுளிடம் மீட்டிங் கேட்டேன் பாருங்கள். எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி ஓரமாக நின்றுகொண்டார். சகாயராஜ் ஒலிபெருக்கியில், நல்லவேளை என் பெயர் சொல்லாமல், இப்போது தொலைநோக்கி திரும்பும் என்று அறிவித்தான். திரும்பியது. ஒரு வீடு திரும்புகிற மாதிரி, ஆனால் சத்தமே இல்லை, எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்து அரைச் சுற்று வந்து நின்றது. பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள், தாங்கள்தான் சுற்றுகிறோம் என்று நினைத்துவிட்டார்கள். எனக்குக் காது மட்டும் கீழே இருந்தது. சங்கிலி மடிகிற மெல்லிய சளசளப்பு, எங்கும் மாட்டவில்லை, இழுக்கவில்லை. பிறகு தொலைநோக்கியின் குழாய் எங்கள் பக்கமாகச் சாய்ந்தது, மூடி இதழ் இதழாக விரிந்தது. உள்ளே கண்ணாடி. கைதட்டினார்கள். இத்தனை பேரும் அதற்குள்ளே தலைகீழாக, கலங்கலாக, தொங்கிக்கொண்டிருந்தோம், பொன்னாடையின் சிவப்பு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பெரியவர் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மச்சானுக்குத் தாங்கவில்லை. அங்கே நின்ற ஒரே வெளியாள் மேடம்தான், நேரே அவரிடம் போனார். "மேடம், இந்தக் கண்ணாடிய எங்க மாப்ளதான் பண்ணாரு. எட்டு வருசம். எளச்சுட்டு, சூடு ஆற மட்டும் பக்கத்துலயே உக்காந்திருப்பாராம். நீங்க இங்கனயே வேல பாக்கீக, ஒங்களுக்குத் தெரியாததா."

வசுந்தரா மேடம் என்னைப் பார்த்தார். தூரத்தில் எங்கோ கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது, அதை நான் சரிசெய்யவேண்டும் என்று இருந்தேன், அதில் ஒரு பேரிங் தேய்ந்திருக்கிறது, இப்போது போய் அதைச் சரிசெய்யலாமே என்று நினைத்தேன், நிஜமாகவே நினைத்தேன். என் முகத்தில் அவர் எதைப் பார்த்தாரோ. "ஆமாங்க," என்றார், "அவர்தான். ரொம்பப் பொறுமைசாலி." மச்சான் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார், கேட்டுக்கொண்டீர்களா என்கிற மாதிரி. அதோடு விட்டிருக்கலாம். அண்ணிக்குப் பேச்சை முடிக்க மனசில்லை, மரியாதைக்காக, "நீங்க என்ன பாக்கீக மேடம்?" என்று கேட்டார். "நான் கேபிள் வேலைங்க. கீழ இருக்கு," என்றார் மேடம். ஒரு தயக்கமில்லை, கேலியுமில்லை, பக்கத்து வீட்டுக்கு ஒரு டம்ளர் காப்பிப்பொடி கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டார். "ஓ, ஒயரிங்கா?" என்றார் மச்சான். "அதுவும் வேணும்ல," என்றார் அண்ணி. அவ்வளவுதான், எல்லோருடைய கண்ணும் அவரை விட்டு நகர்ந்தது. அந்த நகர்வு எனக்கு அத்துப்படி. மாமனார் வீட்டுக் கூடத்தில் என்மேலிருந்து நகர்ந்த அதே கண்கள். அது அவர்மேல் நடந்ததை நான் பொன்னாடை போர்த்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கையும் களவுமாகப் பிடித்து, இந்தாள் பொய்யன் என்று அவர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தால் எனக்கு இதைவிட நல்லதாக இருந்திருக்கும். என்னால் இத்தனை நாளாக ஒரு கூட்டத்திலும் சொல்ல முடியாத வார்த்தையை அவர் சிரித்த முகமாகச் சொன்னார். "சரி, படத்த எடுத்துருவோம்," என்று மச்சான் எல்லோரையும் கம்பியோரம் வரிசையாக நிறுத்தினார், என்னை நடுவில். பிறகு சுற்றிலும் பார்த்தார். "மேடம், நீங்க சும்மாதான நிக்கீக. ஒரு படம் எடுத்துக் குடுங்க." மேடம் சரிங்க என்று போனை வாங்கி, அதன் கயிற்றைத் தன் மணிக்கட்டில் மாட்டினார். கயிறு விரல் வெடிப்பில் பட்டிருக்கவேண்டும், லேசாக முகம் சுளித்தார்.

"மச்சான்," என்றேன். கூரைக் குடைக்குள் குரல் சுற்றி வந்தது. "கண்ணாடி அவங்க பண்ணது. நான் இல்ல. நான் பண்ணது கேபிள்தான்." சொல்லிவிட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மச்சான் என் தோளில் ஓங்கித் தட்டினார். "பாத்தீகளா," என்றார் மற்றவர்களிடம். "இம்புட்டுப் பெரிய கண்ணாடியப் பண்ணிப்புட்டு, கூட வேல பாக்குற பொம்பளைக்கி மனசு சங்கடப்படக் கூடாதுன்னு கேபிள் பண்ணேங்கிறாரு. இந்த அடக்கம் எவனுக்கு வரும்?" கைதட்டினார்கள். இல்லை மச்சான், நிஜமாகச் சொல்கிறேன், கண்ணாடியை நான் தொட்டதுகூட இல்லை என்றேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்ட பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் இறங்கிவிடும் என்று நினைத்தேனே, அது இன்னொரு பொன்னாடையாக வந்து ஏறிக்கொண்டது. தலை தானாகக் குனிந்தது. வெட்கத்தில் குனிந்த தலை, அதையும் அடக்கம் என்றுதான் அவர்கள் காலண்டரில் போடுவார்கள், ஒரு வருஷம் முழுக்க ஊரில் மளிகைக் கடைக்குக் கடை தொங்கும். மேடம் போனைத் தூக்கிப் பிடித்து, "எல்லாரும் இங்க பாருங்க," என்றார்.

எல்லோரும் பார்த்தார்கள், மாரீஸ்வரி மட்டும் பார்க்கவில்லை. அவள் வரிசையின் கோடியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கைதட்டவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. குழாய்க்கு வாஷர் மாற்றினால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுகிறவன் நான். மிக்சியைக் கழற்றி மாட்டிவிட்டு அது ஓடுவதை அவள் நின்று பார்க்கவேண்டும் என்பேன், பார்க்காமல் போனால் சாப்பிடும்போது மறுபடி சொல்லிக் காட்டுவேன். எனக்கு அடக்கம் என்று ஒன்று கிடையவே கிடையாது, அது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். அதனால் நான் சொன்னதை அங்கே அவள் ஒருத்திதான் நம்பினாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. கோபமா, அழப்போகிறாளா, அந்தத் தண்ணீர்ச் சொம்பா. வரிசையை விட்டு வெளியே வந்தாள். போய்விடப்போகிறாள், படியிறங்கி வேனில் போய் உட்கார்ந்துவிடப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் நேரே வசுந்தரா மேடத்திடம் போனாள். "குடுங்க மேடம், நான் எடுக்கேன். நீங்க போய் நில்லுங்க," என்றாள். பரவாயில்லைங்க என்றார் மேடம். "இல்ல, போய் நில்லுங்க." மேடத்தின் கையைப் பிடித்து, வெடிப்பில் படாமல் பார்த்துக் கயிற்றைக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டாள். "அவுக எதுக்கும்மா, இது நம்ம குடும்பப் படம்," என்றார் மச்சான். அவள் போனைத் தூக்கி, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இன்னும் நடுவுல வாங்க மேடம். நல்லா நடுவுல." மேடம் என் பக்கத்தில் வந்து நின்றார், அவர் கோட்டில் அந்தப் பொடியின் மண்வாடை லேசாக அடித்தது. பிறகு மாரீஸ்வரி என்னிடம் சொன்னாள், வீட்டில் அலமாரியை நகர்த்தச் சொல்கிற அதே குரலில். "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க." தள்ளி நின்றேன். இன்னும் என்றாள். மச்சானைத் தாண்டினேன். இன்னும் என்றாள். அண்ணியைத் தாண்டி, பெரியவர்களைத் தாண்டி, அவள் விட்டுவந்த அந்தக் கோடி இடத்துக்கு வந்து சேர்ந்தபோது, போதும் என்றாள்.